பூசுவதற்கு முன் பாருங்கள்: தோல் தடிப்புகளை அடையாளம் காண்பதும் சென்னையில் தோல் மருத்துவரைத் தேடுவதும்

தெருமுனை மருந்துக் கடையில் கையை நீட்டிக் காட்டி, "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்கள்" என்று கேட்பதுதான் சென்னையில் பலருடைய தோல் நோய்க்குக் கிடைக்கும் முதல் சிகிச்சை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இடுப்பில் ஒரு ரூபாய் நாணய அளவில் வந்த படர்தாமரைக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பைத் தடவியபோது இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அது இடுப்பைச் சுற்றிப் பரவியிருந்ததோடு, வட்ட வடிவமும் கலைந்து வெறும் கருமையான திட்டாக மாறியிருந்தது. பிறகு நான் பார்த்த தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தடவினீர்கள்?" என்பதுதான். தடவியதன் விளைவு மறைந்து நோயின் இயல்பான உருவம் தெரிவதற்கே சில வாரங்கள் ஆகிவிட்டன.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் அதைத்தான். தோல் நோயை மருத்துவர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டறிகிறார்; ஆகவே, அவர் பார்க்கும்வரை அந்த இடத்தை எதையும் பூசி மாற்றிவிடாமல் வைத்திருப்பதும், அதற்கிடையில் நாமே கவனித்துக் குறித்துக்கொள்வதும் சிகிச்சையின் முதற்பகுதி. கீழே வரும் அடையாளங்கள் எதை அவசரமாகக் காட்ட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று முடிவு செய்வதற்காகவே. மருத்துவரின் இடத்தை இவை நிரப்பா.

அந்த டியூபில் என்ன இருக்கிறது?

கடைகளில் படர்தாமரைக்கு என்று தரப்படும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு ஒரு பாக்டீரியா மருந்தும் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். பெட்டியின் மேல் சிறு எழுத்துகளில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமீட்டசோன் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பொருள். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு வினையை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் விரைவில் குறைகின்றன. ஆனால் அதே காரணத்தால் பூஞ்சைக்குத் தடையற்ற இடம் கிடைத்து, அது ஓசையில்லாமல் பரவுகிறது. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவத்திற்குப் பிறகு வயிற்றில் காணப்படுவது போன்ற வரிகள் விழுகின்றன. அவை முற்றிலும் மறைவதில்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு, வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நடைமுறையில் சீட்டுக் கேட்காமல் கொடுக்கும் கடைகள் இன்னும் இருப்பதால், பெட்டியைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் நமக்குத்தான் வர வேண்டும். ஸ்டீராய்டு எப்போதும் தீயது என்று நான் சொல்லவில்லை. கரப்பான் என்னும் எக்சிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் மருத்துவர் அளவு குறித்துக் கொடுக்கும்போது அதுவே நல்ல மருந்து.

எப்படிப் பார்ப்பது?

பகல் வெளிச்சத்தில், சன்னலருகே நின்று பாருங்கள். தடிப்பு எங்கே தொடங்கியது, எத்தனை நாளாயிற்று, வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருக்கிறதா, அண்மையில் புதிய மாத்திரையோ சோப்போ தலைமுடிச் சாயமோ நகையோ பயன்படுத்தினீர்களா, இரவில் மிகுகிறதா, காய்ச்சல் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சற்றுத் தள்ளி நின்று ஒரு படமும், அருகில் ஒரு நாணயத்தை வைத்து ஒரு படமும் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். காணாக்கடி போன்ற தடிப்புகள் ஒரே இடத்தில் ஒரு நாளைக்கு மேல் பெரும்பாலும் நிற்பதில்லை என்பதால், மருத்துவர் அறைக்குள் நுழையும்போது காட்டுவதற்குத் தோலில் ஒன்றுமே இல்லாமல் போகும்; அப்போது அந்தப் படங்கள்தான் சாட்சி.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம்முடைய மாநிற, கருநிறத் தோலில் அழற்சியின் சிவப்பு, கரும்பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோதான் தெரியும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பதும், வீக்கத்தையும் வலியையும் இருபக்கமும் ஒப்பிடுவதும் நல்லது. நோய் ஆறிய பிறகு தங்கும் கரும்புள்ளி, நோய் தொடர்கிறது என்பதற்கான அடையாளம் அன்று. அதை நோயென்று நினைத்து மேலும் மேலும் களிம்பு தடவுபவர்கள் பலர்.

அடிக்கடி வருபவை

படர்தாமரையின் விளிம்பு சற்று உயர்ந்து, செதிலுடனும் அரிப்புடனும் வளையமாகப் பரவும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள், மார்பின் அடிப்பகுதி என்று வியர்வை தங்கும் இடங்களே அதற்கு விருப்பமானவை. கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் குறையாத இந்த நகரத்தில், இறுக்கமான ஜீன்ஸ் அணிந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஏன் வருகிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை. அரைஞாண் கயிறு நாளெல்லாம் ஈரமாகவே இருந்து பூஞ்சையைத் தக்க வைப்பதால், சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது; வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் துணிக் கயிற்றுக்குப் பதில் வெள்ளிக் கொடியை அணியலாம். துண்டையும் உள்ளாடையையும் பகிர்ந்துகொள்ளாமல், வெயிலில் நன்றாக உலர்த்தி, உட்புறத்தைத் திருப்பி இஸ்திரி போடுங்கள். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சை வகைகள் இந்தியாவில் பெருகியிருப்பதால், பழைய சீட்டை வைத்து அதே மாத்திரையை மறுபடி வாங்குவது பலன் தராமல் போகக்கூடும். செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை, சந்தேகம் இருக்கும்போது விடை சொல்லிவிடும்.

தேமலும் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் அது வேறு இனம். முதுகிலும் மார்பிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்பான சிறு திட்டுகளாக வரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போல உதிரும். மருந்து பூஞ்சையைக் கொன்ற பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதை அறியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று மருத்துவர்களை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டையும் நாம் தேமல் என்றே சொல்கிறோம். அது பெரும்பாலும் வறண்ட தோலின் விளைவு, வயிற்றில் பூச்சி இருப்பதால் வருவதும் அன்று. பால்வெள்ளையாக, செதிலே இல்லாமல், விளிம்பு தெளிவாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். அதைக் குஷ்டத்தோடு சேர்த்து அழைத்த பழைய பெயர் தவறானது; வெண்புள்ளி தொற்றுவதே இல்லை.

வெளிறிய அல்லது சற்றுச் சிவந்த திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. பஞ்சைத் திரி போல முறுக்கி, கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேலும் அதன் அருகிலுள்ள நல்ல தோலின் மேலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். திட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்க வாய்ப்புண்டு. 2005-இல் இந்தியா அந்த நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தபோதிலும், புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகிறார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் முற்றிலும் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். சென்னைக்கு அருகே செங்கல்பட்டுத் திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது.

வீட்டில் ஒருவருக்குத் தொடங்கி ஒவ்வொருவராக எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தால், அதுவும் இரவில் படுத்த பிறகு அரிப்பு மிகுந்தால், முதலில் நினைக்க வேண்டியது சிரங்கைத்தான். கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது அது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் காணப்படும். முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், அரிப்பு இல்லாதவரும் உண்ணியைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஆகவே வீட்டிலுள்ள அனைவரும், விடுதி என்றால் அறையிலுள்ள அனைவரும், ஒரே இரவில் மருந்து தடவ வேண்டும். பொதுவாகக் கொடுக்கப்படும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை இடைவெளி விடாமல் தடவி, 8 முதல் 12 மணி நேரம் விட்டுக் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுமுறை தடவுவது வழக்கம். கைக்குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் முறை மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்க வேண்டும். அன்று பயன்படுத்திய துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்துக் காய வையுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும், உடலை விட்டு நீங்கிய உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. அரிப்பு மட்டும் மருந்துக்குப் பிறகும் சில வாரங்கள் நீடிக்கலாம். அதற்காக மருந்தைத் தினமும் தடவுவது தோலைப் புண்ணாக்கும்.

குழந்தைகளின் மூக்கையும் வாயையும் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் புண், பாக்டீரியாவால் வருவது, விரைவாகப் பரவும். அது ஆறிய இரண்டு மூன்று வாரங்களில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் உடனே காட்டுங்கள். பெரியவர்களுக்குக் கட்டிகள் மீண்டும் மீண்டும் வந்தால், அல்லது முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்து ராஜபிளவை எழுந்தால், சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்வது கட்டாயம். கோடையில் வரும் எல்லாவற்றையும் வேனற்கட்டி என்று சொல்லிவிடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

கத்திரி வெயிலில் வரும் வியர்க்குருவுக்குக் காற்றோட்டமும் பருத்தித் துணியும் காலமைன் நீர்மமும் போதும். மழைக்காலம் வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் வெள்ளத்தில் நடந்தவர்களுக்குச் சேற்றுப்புண் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். வீட்டுக்குள் வந்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவதே அதற்குப் பாதி மருந்து. சர்க்கரை நோயாளியின் காலில் அந்தச் சிறு வெடிப்பின் வழியாகத்தான் பெரும்பாலும் தொற்று உள்ளே நுழைகிறது. மழைக்குப் பின் குழல் விளக்கைச் சுற்றி வரும், கருமையும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த மெல்லிய வண்டு ஒன்றைத் தூக்கத்தில் நசுக்கிவிட்டால், மறுநாள் கழுத்திலோ முகத்திலோ கோடு இழுத்தது போலத் தீக்காயம் தோன்றும். வண்டின் உடற்சாறு பட்டதால் வரும் புண் அது. அது தொற்றுநோயும் இல்லை, அக்கியும் இல்லை. பூச்சி மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

தொட்டதால் வரும் ஒவ்வாமையை அதன் வடிவமே காட்டிக் கொடுக்கும். கைக்கடிகாரத்தின் பட்டை படும் இடம், கவரிங் நகை உரசும் கழுத்து, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, ஒட்டுப்பொட்டு வைக்கும் நெற்றி, சாயம் பூசியபின் காதோரம், சிமெண்ட் வேலை செய்பவரின் கை என்று எல்லை வகுத்தாற்போல இருக்கும். ஒட்டுப்பொட்டின் பசையால் அந்த இடம் வெளுத்தும் போகலாம். பொருளை நிறுத்தாமல் களிம்பு மட்டும் தடவினால் பயனில்லை. பல மாதங்களாகக் காரணம் பிடிபடாதவர்களுக்கு, சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கும் ஒட்டுச் சோதனை உண்டு.

அக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடலின் ஒரே பக்கத்தில், பட்டை போல, எரிச்சலும் குத்தலுமாகத் தொடங்கி, நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கியிருந்து விழிப்பதே அது. குயவரிடம் போய்க் காவி கொண்டு அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. என் பாட்டிக்கும் எழுதினார்கள், சில வாரங்களில் கொப்புளங்கள் ஆறின. அவை தாமாகவே இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறக்கூடியவை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதன் விலை, பாட்டிக்குப் பல ஆண்டுகள் நீடித்த நரம்பு வலி. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. எழுதிக்கொள்வதிலேயே அந்த மூன்று நாளும் போய்விடுகின்றன. நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அதே நாளில் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

காலில் சூடும் வீக்கமும் வலியுமாக ஒரு பகுதி மணிக்கு மணி பரவினால், அதன் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது மருத்துவருக்கு மிகவும் பயன்படும். கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பார்த்தும் மறையாத செம்புள்ளிகள் காய்ச்சலோடு வந்தால் அது அவசரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சலுடன் வரும் எந்தத் தடிப்பையும் டெங்கு என்று சந்தேகித்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். வலிப்பு மாத்திரை, சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை, யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் போன்றவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் தோல் எரிந்து வலித்து, வாயும் கண்ணும் புண்ணாகி, மேல்தோல் உரிந்தால், மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தடிப்போடு உதடு வீங்கி மூச்சுத் திணறினால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

யாரிடம் காட்டுவது?

சென்னையில் 'ஸ்கின் கிளினிக்' என்ற பலகைக்குப் பஞ்சமில்லை. அவற்றில் முகப்பொலிவும் முடி நீக்கமும் செய்யும் இடங்கள் எவை, நோய் பார்க்கும் இடங்கள் எவை என்று பிரிக்க, மருத்துவரின் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு படித்தவர் எம்.டி. அல்லது டி.என்.பி.; இரண்டாண்டுப் பட்டயம் பெற்றவர் டி.டி.வி.எல்., டி.வி.டி. அல்லது டி.டி. என்று போட்டிருப்பார். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் நம் நாட்டில் ஒரே படிப்பு. ஆதலால் பிறப்புறுப்பில் புண் என்றாலும் அதே மருத்துவரிடம் தயங்காமல் காட்டலாம். அழகியல் பட்டயமும் சில வாரச் சான்றிதழும் இவற்றுக்கு ஈடாகா. ஐயம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பதிவு எண்ணைக் கொண்டு தேடலாம். பதிவு எண்ணைச் சீட்டில் அச்சிடாத மருத்துவரிடம் நான் இரண்டாம் முறை போவதில்லை.

செலவு குறைவாக, அனுபவம் மிகுதியாக வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு இணையில்லை. சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்றிலும் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவு உண்டு. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட்டுவிட வேண்டும். பிற்பகலில் போனால் அவசரப் பிரிவு மட்டுமே திறந்திருக்கும். வரிசை நீளம்தான், ஆனால் தனியார் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் அரிய தோல் நோயை அங்கே அடிக்கடி பார்க்கிறார்கள். போரூர், குரோம்பேட்டை, கேளம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால், வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிந்துரைச் சீட்டுப் பெறலாம். 104 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

போகும் நாளில் அந்த இடத்தில் எண்ணெயோ பவுடரோ மஞ்சளோ பூச வேண்டாம். நகப்பூச்சையும் முகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். இதுவரை தடவிய டியூப்கள், விழுங்கும் மாத்திரைகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள், நாட்டு மருந்துக் கடை எண்ணெய் உட்பட அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள், மருத்துவர் திட்டினாலும் பரவாயில்லை. சேராங்கொட்டையோ பூண்டோ சுண்ணாம்போ வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களை அவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். உடல் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால், எளிதில் தளர்த்தக்கூடிய ஆடை அணிவதும், பெண்கள் விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும் நல்லது.

எழுந்து வருவதற்கு முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நோயின் பெயர் என்ன, இந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எத்தனை நாள் தடவ வேண்டும். படர்தாமரைக்கு விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெளியேயும் சேர்த்துத் தடவி, கண்ணுக்கு மறைந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர வேண்டியிருக்கும். அரிப்பு நின்ற அன்றே மருந்தை நிறுத்திவிட்டு, மீதி டியூபைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தவன் நான். இரண்டு மாதம் கழித்து நானும் அவரும் ஒரே மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம்.